எச்சம்: சொல்லாமல் விட்டதை யார் முடித்துவைப்பது?

1

வீடு தேடி அலைந்த கதை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எம்.ஏ. தமிழ் முடித்து ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்த புதிது. கூடப் படித்த நண்பனும் அதே ஊரில் ஒரு வேலையில் சேர்ந்திருந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வீடு பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருத்தெருவாக நடந்தோம். சாயங்காலம் ஒரு மாடி வீடு அமைந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கல்லூரி பற்றி விசாரித்தார். வாடகை, அட்வான்ஸ், தண்ணி வரும் நேரம் எல்லாம் பேசி முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி நீங்க..." என்று இழுத்தார்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நான் முடித்துவைத்தேன். ஊர்ப் பெயர், தெருப் பெயர், தாத்தா பெயர். அவர் முகம் இளகியது. அப்புறம் நண்பனைப் பார்த்து, "தம்பி?" என்றார். இந்தத் தடவை 'நீங்க'கூட இல்லை. அவன் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னான். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். "கீழப்பக்கம்" என்று சொல்லிச் சிரித்தான் நண்பன். வீட்டுக்காரர் யாரையும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. எந்தச் சாதியின் பெயரும் அந்தக் கூடத்தில் உச்சரிக்கப்படவில்லை. "மக குடும்பத்தோட வர்றதா சொல்லியிருக்கா, யோசிச்சுச் சொல்றேனே" என்றார். மறுநாள் எனக்கு மட்டும் போன் வந்தது. "நீங்க மட்டும்னா வரலாம்."

நான் போனேன். இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அன்று திரும்பி நடந்து வரும்போது நண்பன் கேட்டான்: "ஏண்டா, கேக்காமலே கேட்டாரே, அதுக்கு இலக்கணத்துல என்ன பேரு?" நான் விளையாட்டாக, "சொல்லெச்சம்" என்றேன். "சரி, நீ சொன்ன பதிலுக்கு என்ன பேரு?" என்றான். முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

2

எச்சம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் இரண்டே இரண்டாகத்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். 'வந்த' என்றால் பெயரெச்சம், 'வந்து' என்றால் வினையெச்சம். இரண்டும் முடியாத சொற்கள். ஒன்று ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது, இன்னொன்று ஒரு வினைக்காக. எஞ்சுதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. மிஞ்சி நிற்பது, குறைபட்டு நிற்பது இரண்டுமே எஞ்சுதல்தான். ஒரே சொல் மிச்சத்தையும் குறையையும் சேர்த்துக் குறிப்பது தற்செயல் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

இந்தச் சொல் போய்த் தங்கிய இடங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பறவை விட்டுச் செல்வது எச்சம். ஒரு மனிதன் விட்டுச் செல்வதும் எச்சம். ஒருவர் நடுநிலையாளரா இல்லையா என்பது அவர் விட்டுச்சென்ற எச்சத்தைக் கொண்டு தெரியும் என்கிறது குறளின் நடுவுநிலைமை அதிகாரம். பரிமேலழகர் அங்கே எச்சத்துக்கு மக்கட்பேறு என்று பொருள் கொள்கிறார். புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன பாட்டில் (28) எச்சம் வேறொன்றாகிறது. கண் தெரியாதவர், உருவமற்ற பிண்டம், கூனர், குள்ளர், பேச முடியாதவர், கேட்க முடியாதவர், விலங்குருவாய்ப் பிறந்தது, சித்தம் மயங்கியவர் என்று எட்டு வகைப் பிறப்புகளை எச்சம் என்று அடுக்குகிறார் புலவர். முழுமை எது என்று வேறெங்கோ முடிவு செய்தாயிற்று. அதற்குக் குறைந்தவையெல்லாம் எச்சம். அந்தப் பட்டியலில் ஊமையும் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பேச வாயுள்ளவன் சொல்லாமல் விட்டால் அவன் விட்டது எச்சம். பேச முடியாதவரோ ஆளே எச்சம்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. அதே வேரில் கிளைத்த எச்சில். ஒருவர் தின்று மிச்சம் வைத்தது. ஒரு பக்கம் வாய் பட்டதால் தீட்டு. இன்னொரு பக்கம் யாரோ ஒருவருக்கு அதுதான் ராத்திரிச் சோறு. இலக்கண வகுப்பில் எச்சம் நடத்தும் ஆசிரியர் எச்சிலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. எச்சம் என்பது ஒரு பொருள் அல்ல, ஓர் உறவு. அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மிச்சம் விடுகிறவர் ஒருவர், அதை எடுத்துக்கொள்ள வேண்டியவர் இன்னொருவர். சோற்றுக்கும் இதுதான், சொல்லுக்கும் இதுதான். சொல்லாமல் விடுவதைப் பற்றி நம்முடைய கவிதையியல் நிறையப் பேசியிருக்கிறது. விட்டதை எடுத்து முடித்துவைப்பவரைப் பற்றித்தான் பேச்சில்லை.

3

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். அங்கே எச்சம் இரண்டல்ல, பத்து. பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை. இவற்றில் முதல் ஏழுக்கும் முடிக்கும் சொல் இன்னது என்று வரையறை உண்டு. கடைசி மூன்றான சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் ஆகியவைதான் சிக்கல். இவற்றை முடிக்க மேற்கொண்டு ஒரு சொல் வராது, அவை தத்தம் குறிப்பினாலேயே எஞ்சிய பொருளைச் சொல்லிவிடும் என்கிறது நூல். எது எதற்கு எடுத்துக்காட்டு என்பதில் உரையாசிரியர்கள் ஒருவரோடொருவர் முரண்படுகிறார்கள். அது இருக்கட்டும். குறிப்பினால் விளங்கும் என்றால் யாருக்கு விளங்கும்? கேட்கிறவருக்கு. எப்படி? அவரும் சொல்கிறவரும் ஒரே உலகத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால். இலக்கணம் இதை வாதிட்டு நிறுவுவதில்லை. நிறுவத் தேவையில்லாத ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. அந்த வகையில் எச்சம் பற்றிய இலக்கணமே ஓர் எச்சத்தின் மேல்தான் நிற்கிறது.

மாணவனாக இருந்தபோது நூற்பாக்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தேன். பிற்பாடு வரிசையாகப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எச்சம் பற்றிய நூற்பாக்கள் முடிந்தவுடன் அடுத்து வருவது அவையல் கிளவி. அவையில் சொல்லத் தகாத சொற்களை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிற விதி. வழக்கில் ஊறிப்போனவற்றுக்கு மறைப்பு வேண்டாம் என்று ஒரு சலுகையும் அதன்கூட உண்டு. அதைத் தொடர்ந்து வருவது ஈ, தா, கொடு. ஒன்றை இரந்து கேட்கும்போது இழிந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான்.

இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதற்கு மரபான உரைகளில் பெரிய விளக்கம் தேட வேண்டியதில்லை. எச்சவியல் என்றாலே மற்ற இயல்களில் சொல்லாமல் எஞ்சியவற்றைத் தொகுத்த இயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பிரதி தன்னுடைய மிச்சங்களை எங்கே கொட்டிவைக்கிறது என்பதிலிருந்துதான் அதன் உலகம் நமக்குத் தெரிகிறது. பியர் மாஷெரி 1966இல் எழுதிய நூலில் ஒரு படைப்பை அது சொல்வதைக் கொண்டல்ல, சொல்ல முடியாமல் விடுவதைக் கொண்டு படிக்க வேண்டும் என்று வாதிட்டார். நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. எச்சவியல் தானாகவே வரிசையாகச் சொல்கிறது. முதலில் சொல்லாமல் விடுவது. அடுத்து, எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று முடிவு செய்கிற அவை. அடுத்து, அந்த அவையின் முன்னால் மூன்று படிகளில் நிற்கிற மூன்று பேர். ஒரே பொருளைத்தான் மூவரும் கேட்கிறார்கள். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை யாரும் சொல்லவில்லை. கேட்கிற சொல்லே சொல்லிவிடுகிறது.

என் வீட்டுக்காரர் தொல்காப்பியம் படித்தவரல்ல. ஆனால் எச்சவியலின் இந்தப் பகுதியை அவர் ஒரு நிமிஷத்தில் எங்களுக்கு நடத்திக் காட்டிவிட்டார்.

4

அவையல் கிளவிதான் பிற்கால இலக்கணத்தில் இடக்கரடக்கல் ஆனது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. எடுத்துக்காட்டுகள் நமக்கெல்லாம் மனப்பாடம். மலம் கழித்து வந்ததைக் கால் கழுவி வந்தேன் என்பது, செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது. வகுப்பில் முதலாவதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு எழும். ஆசிரியரும் சிரிப்பார். அத்தோடு பாடம் முடிந்தது.

முடிந்ததா? சொல்லை அடக்கியாயிற்று, பொருள் எங்கே போயிற்று? கால் கழுவி வந்தவன் விட்டுவந்ததை யாரோ ஒருவர் அள்ளினார். அவையில் அந்தச் சொல் கூடாது. ஆனால் அந்தச் சொல்லுக்குரிய பொருளைத் தலையில் சுமக்க ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டமும் அவைக்குள் வரக்கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம் வந்தது. போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இடையில் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். நன்னூலின்படி இது மங்கல வழக்கு. பெயர் மரியாதையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் மாறிய அளவுக்கு ஆள் மாறவில்லையே என்பதுதான் பேச்சு. அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது இன்னமும் யாரும் சொல்லத் தேவையில்லாத ஒன்றாகவே இருக்கிறது.

பெண்கள் பக்கம் வந்தால் வீடே ஓர் இடக்கரடக்கல் அகராதிதான். என் ஆத்தா 'தூரம்' என்பார். அம்மா 'வீட்டுக்கு விலக்கு' என்பார். அக்கா காலத்தில் அது 'அந்த மூணு நாள்' ஆயிற்று. கருவுற்றதை 'முழுகாம இருக்கா' என்று சொல்கிறபோது சொல்லாத ஒன்று நடக்காமல் போனதைச் சொல்லி நடந்ததைச் சொல்கிறார்கள். மொழி நுட்பம் என்று பார்த்தால் அபாரம்தான். ஆனால் 'தூரம்' என்பது வெறும் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. ஆத்தா அந்த நாட்களில் உண்மையிலேயே தூரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். தொழுவத்துப் பக்கம், தனித்தட்டு, தனிச்செம்பு. சொல்லை விலக்கியது நாகரிகம் என்றால் ஆளை விலக்கியது என்ன? அடக்கிய சொல் போய் ஓர் உடம்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. தூரம், விலக்கு, ஒதுக்கம், தள்ளி என்று பெண்ணுடலுக்கு நாம் வைத்திருக்கிற இதே சொற்கள்தான் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கின்றன.

5

இனி, கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லாமல் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. போராடிப் பெற்ற விடுதல் அது. வேறு மாநிலத்தவர் நம் பெயரைப் பார்த்துவிட்டு, முழுப் பெயர் என்ன என்று கேட்டுக் குழம்புவது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற காட்சி.

ஆனால் பட்டம் போன இடம் காலியாக இல்லை. அங்கே ஓர் எச்சம் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தப் பக்கம், குலதெய்வம் எது, எங்க பொண்ணு எடுத்திருக்கு, சைவமா அசைவமா, நம்ம ஆளுகளா. ஒரு கேள்வியிலும் சாதி என்ற சொல் வராது. எல்லாக் கேள்வியும் சாதியைத்தான் கேட்கும். பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டோம், வாக்கியம் நிற்கவில்லை. பிள்ளைகள் அதைச் சொல்லே இல்லாமல் முடித்துவைக்கப் பழகிவிட்டார்கள். மணிக்கட்டில் ஒரு வண்ணக் கயிறு போதும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தபோது கயிறுகளுக்குத் தடை கேட்க வேண்டியிருந்தது. ஒரு கயிற்றின் நிறம் நீதியரசர் ஒருவரின் அறிக்கைக்குள் வர வேண்டியிருக்கிறது என்றால் நம்முடைய குறிப்பெச்சம் எவ்வளவு சரளமாகப் பேசுகிறது என்று பாருங்கள்.

பெயரை எடுத்துவிடுவதன் இன்னொரு முகம் 1997. எத்தனையோ தலைவர்களின் பெயர்களில் மாவட்டங்கள் இருந்தன, பஸ்கள் ஓடின. யாருக்கும் கை கூசவில்லை. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதும் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் அத்தனையையும் எடுத்துவிட்டது. எல்லாருக்கும் சமமான மௌனம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் எந்தப் பெயர் வந்தவுடன் மற்ற எல்லாப் பெயரும் அவையல் கிளவியாக மாறியது என்பதை அந்த மௌனம் சொல்லாது.

பத்திரிகைகளின் 'இரு தரப்பினர் மோதல்' இதே வகை. 'ஒரு பிரிவினர்', 'மற்றொரு பிரிவினர்', 'குறிப்பிட்ட சமூகத்தினர்'. பெயர் போட்டால் கலவரம் பரவும் என்பார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தரப்பு வீச்சரிவாளோடு வந்து மறுதரப்பு குடிசைக்குள் ஒளிந்திருந்தாலும் இலக்கணம் அதை 'மோதல்' என்றே முடித்துவைக்கிறது. வாசிப்பவருக்கு எந்தப் பிரிவு எது என்று தெரிந்துவிடும். யார் அடித்தது, யார் அடிபட்டது என்பதுதான் தெரியாமல் போகும். எச்சம் மறைப்பது பெயரை அல்ல, திசையை.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறேன். வசைச்சொல்லாகிப்போன சொல் அது. ஆனால் வீட்டுக்காரர் என் நண்பனிடம் காலனி என்று கேட்கவில்லை, 'எந்தப் பக்கம்' என்றுதான் கேட்டார். பக்கம் என்ற சொல்லை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது? திசைகளை நீக்க முடியுமா?

6

இலக்கியவாதிகளுக்கு இதெல்லாம் கொஞ்சம் எரிச்சலாக இருக்கலாம். சொல்லாமல் விடுவதுதானே கலை என்பார்கள். உள்ளுறை, இறைச்சி என்று நம்மிடம் இரண்டாயிரம் வருஷத்துச் சொத்து இருக்கிறது. சிறுபத்திரிகை மரபு அதன்மேல் இன்னொரு அடுக்கைக் கட்டியது. அடக்கம், பூடகம், மௌனம். புனைபெயரையே மௌனி என்று வைத்துக்கொண்ட ஒருவரை நம் சிறுகதையின் உச்சங்களில் ஒன்றாக வைத்தோம். நானும் அந்த ரசனையில் வளர்ந்தவன்தான். உள்ளுறை ஒன்று அவிழ்கிறபோது வருகிற சந்தோஷத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

கேள்வி வேறு. அகத்தில் தலைவியும் தோழியும் சொல்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். தலைவன் சிறைப்புறத்தில் நின்று கேட்டுப் புரிந்துகொள்கிறான். அதே பொருளதிகாரம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைக்கிறது. அவர்களுக்குரியவை கைக்கிளையும் பெருந்திணையும் என்று உரை எழுதுகிறார்கள். சொல்லாமல் சொல்லும் உரிமை, சொல்லாததைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் காத்திருப்பார் என்கிற நம்பிக்கை, இரண்டும் எல்லாருக்கும் பொதுவல்ல. ஏவல் கேட்பவனிடம் யாரும் உள்ளுறையில் பேசுவதில்லை. அவனும் உள்ளுறையில் பதில் சொன்னால் அடிதான்.

தலித் எழுத்து வந்தபோது எழுந்த புகார்களை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படிக்கலாம். பச்சையாக இருக்கிறது, கொச்சையாக இருக்கிறது, எல்லாத்தையும் சொல்லிடுது, வாசகனுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. என் வகுப்பறையிலும் இதைக் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை இது அவையல் கிளவி பற்றிய புகார்தான். கலையின் பெயரால் அவை பேசியது.

பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் வரும் ஒரு காட்சியை அநேகமாக எல்லாரும் படித்திருப்பீர்கள். சின்னப் பிள்ளையாக அவர் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அவர்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடையில் வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல் கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுபோய் நாயக்கரிடம் பணிந்து நீட்டுகிறார். பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் நூலைப் பிடித்தார் என்று விளக்குகிறார். எனக்குத் தெரிந்து தமிழில் குறிப்பெச்சத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் வேறில்லை. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, நாயக்கரும் பேசவில்லை. அந்த நூலே வாக்கியம். அதன் எஞ்சிய பொருள் தெரிகிறவரைக்கும் அது ஒரு நகைச்சுவை. அண்ணன் முடித்துவைத்த கணத்தில் சிரிப்பு போய்விட்டது, இனி அது திரும்பவும் வராது. எச்சத்தை முடித்துவைக்கக் கற்றுக்கொள்வதுதான் சாதிக்குள் நுழைவது. நமக்கெல்லாம் ஓர் அண்ணனோ அம்மாவோ ஏதோ ஒரு வயதில் அதை முடித்துவைத்திருக்கிறார்கள். ஊர்த்தெருவில் பிறந்த எனக்கு அது நினைவில் இல்லை. பாமாவுக்கு நினைவில் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

அதே நூலில் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டுப் பாத்திரத்தைத் தள்ளி வைக்க, மிச்சச் சோற்றைத் தொடாமல் எட்டி நின்று ஊற்றுகிறார்கள். எச்சமும் எச்சிலும் ஒரு நூலுக்குள் சந்தித்துக்கொள்கிற இடம். இலக்கணம் பிரித்துவைத்ததை வாழ்க்கை பிரித்துவைக்கவில்லை.

தவறான சொல்லால் முடித்துவைப்பதும் உண்டு. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலிப் போராட்டம் என்றது ஒரு தரப்பு. அது உண்மைதான், ஆனால் முழு வாக்கியம் அல்ல. எரிந்தவர்கள் யார், எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது எஞ்சி நின்றது. அந்தக் காலியிடத்தில் பண்ணையாரின் ஆண்மைக் குறைவை வைத்து முடித்தது 'குருதிப்புனல்'. 1977இல் அதற்கு சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. சாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தனிமனிதனின் உடல்குறை வந்து உட்கார்ந்தபோது எச்சம் தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது. மௌனத்தைவிட ஆபத்தான முற்று அது.

7

எச்சத்துக்கு எதிர்ச்சொல் முற்று. எல்லாவற்றையும் முற்றாகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மௌனம் ஒன்றல்ல என்று மிஷேல் ஃபூக்கோ 1976இல் பாலியலின் வரலாறு முதல் பகுதியில் எழுதினார். நம் அனுபவமும் அதுதான். வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டது அதிகாரத்தின் மௌனம். சொல்லாமலே கேட்கும், கேட்டது கிடைக்கும். நண்பன் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டது வேறு மௌனம். தன்னை ஒரு நிமிஷமாவது அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றிக்கொள்கிற மறைப்பு. இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். நகரத்துக்கு வந்து அடையாளத்தை மறைத்து வாழ்கிறவர்களை நேர்மையில்லாதவர்கள் என்று ஏசுகிற முற்போக்கு நண்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் போய் வாக்கியத்தை முடிக்கச் சொல்லட்டும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு எழுதியும் என் சாதிப் பெயரை நான் எழுதவில்லை. ஊர்த்தெரு என்றேன், தொழுவம் என்றேன், வீடு கிடைத்தது என்றேன். நீங்கள் முடித்துவைத்திருப்பீர்கள். நிலம் வைத்திருக்கிற, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிற ஒரு சாதி. 'இடைநிலைச் சாதி' என்று சிறுபத்திரிகைகள் எழுதும். நடுவில் நிற்பதாகச் சொல்லி மேலே இருப்பதை மறைத்துக்கொள்கிற மங்கலச் சொல்.

நண்பனின் இரண்டாவது கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் சொன்ன ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் தாத்தா பெயரும்தான் அந்த எச்சத்தின் முற்று. அவர் தொடங்கினார், நான் முடித்தேன். வாக்கியம் எங்கள் இருவருக்கும் சொந்தம். அவர் மட்டும் சாதி பார்த்தார் என்று நான் சொல்லித் திரிந்தது பொய்.

பல வருஷம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு வீட்டுக்காரர் "சார் நீங்க..." என்று இழுத்தார். "முழுசாக் கேளுங்க சார்" என்றேன். அவருக்கு வியர்த்துவிட்டது. "இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். மறுபடியும், "என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றேன். வீடு கிடைக்கவில்லை. ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் நண்பனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நல்லதுடா. உனக்கு ஒரு வீடு போச்சு" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "என்கிட்ட இதுவரைக்கும் யாரும் முழுசாக் கேட்டதே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."